அது தம்பி இல்ல

தம்பி என்கிற வார்த்தை நம்ம வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது, யோசித்துப் பாருங்க. வழி கேட்கத் தம்பி, பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்லத் தம்பி, கடையில் மேல் தட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்துத் தரச் சொல்லவும் தம்பிதான். பெத்தவளே பிள்ளையைத் தம்பி என்று கொஞ்சுவாள். அந்த வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காத ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நடுவில் கொஞ்சம் இருட்டான இடம் வரும் கண்ணுகளா. பயப்படாதீங்க, பாதி வழியில் உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு பேர். கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கும் ஓவர்சியர். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் அவர் மனைவி. தெருவில் எல்லோரும் அவளை லேப்காரி என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் குட்டி. அப்புறம், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட ஓவர்சியரின் அக்கா. தெருப் பக்கத்துச் சன்னலடியில் தையல் மெஷின் போட்டு, கிழிந்ததைத் தைத்து, நீளத்தைக் குறைத்து, ஊருக்கெல்லாம் உடுப்பைச் சரிசெய்து தருகிறவள்.

இந்த அக்கா தன் கூடப்பிறந்தவனை, அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவர் படிக்கிற காலத்தில் "வாத்தியாரே" என்றாள். வேலை கிடைத்ததும் "ஓவர்சியர்" ஆனார். வாங்க, போங்க என்று மரியாதை வேறு. காய் விற்கிற பொடிப் பையனைக்கூட "சார்" என்பாள். அவன் குளிர்ந்து போய் இரண்டு தக்காளி கூடப் போடுவான்.

"எங்க அக்காவுக்கு நான் வாடகைக்கு இருக்கறவன் மாதிரி" என்று ஓவர்சியர் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். புருஷனின் அக்காவை லேப்காரி அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வேறு மாதிரி நினைத்தாள். நான் வந்தது அண்ணிக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கோபத்தைத்தான் இவர் மேல் காட்டுகிறாள் என்று. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டால் எதையும் ஏன் என்று கேட்க மாட்டோம், இல்லையா?

இன்னொன்றும் பழகியிருந்தது. வாரம் ஒரு காலையில் அண்ணி ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மெஷினில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, இடமிருந்து வலமாக வரிசை வைத்து, துடைத்து எண்ணெய் விடுவாள். திரும்பப் பூட்டும்போது கையைப் பார்க்கவே மாட்டாள், கண் சன்னலுக்கு வெளியே இருக்கும். எல்லாம் முடிந்ததும் மெஷின் தலையில் டக் டக் என்று இரண்டு தட்டு. குட்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் அதேபோல இரண்டு தட்டு தட்டுவாள். வீடே சிரிக்கும்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன்.

லேப் வாசலில் பேர் பதிகிற பெண் ஒருத்தி இருந்தாள். நாவல் பைத்தியம். "இதைப் படி, அழுதே தீருவே" என்று ஒரு புத்தகத்தை லேப்காரி கையில் திணித்தாள். சண்டை நடக்கிற ஏதோ ஒரு தேசத்தில், குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய்ப் போருக்குப் பழக்குகிற கதை. அதில் ஒரு சிறுமி, அவளே கதை சொல்கிறாள்.

லேப்காரிக்குப் படிக்க நேரம் ஏது? ரத்தக் குழாய்களை அடுக்கிச் சுற்ற வைக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது சுற்றிச் சுற்றி, சிவப்பு கீழேயும் தெளிவு மேலேயுமாகப் பிரியும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் படிப்பாள். மெஷின் நின்றால் புத்தகத்தை மூடுவாள், அடுத்த சுற்றில் திறப்பாள். அவசரத்தில் ஒருநாள் கையுறையோடு புரட்டினாள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போனது அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தாள்தான் இந்தக் கதை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா ஒத்திகை. குட்டியின் வகுப்புக்கு அணிவகுப்பு. மரத்தில் செய்த பொம்மைத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு இடது வலது என்று நடக்க வேண்டும். குட்டியைக் கூப்பிட்டு வரப் போன அத்தை மைதான வேலியோரம் நின்று பார்த்தாள். அப்புறம் உள்ளே நடந்தாள். வரிசைக்குள் புகுந்து குட்டி கையிலிருந்ததைப் பிடுங்கினாள். அடுத்த பிள்ளையிடம் பிடுங்கினாள், அதற்கடுத்த பிள்ளையிடமும். எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கி, யாரையும் கிட்டே விடாமல் முன்னால் நின்றாள். எடுக்க வந்த டிரில் மாஸ்டரின் கையை ஒரே முறுக்கு. மனுஷர் மண்டியிட்டுவிட்டார்.

தலைமை ஆசிரியை ஓவர்சியரை வரவழைத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் எல்லாரும் கூடுகிற நேரத்தில் அக்கா வந்து மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் குட்டிக்கு வேறு பள்ளிக்கூடம்.

சாயந்திரம் ஓவர்சியர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கே அக்கா? கேட்டா பதில் சொல்லு."

அக்கா ஒரு பாவாடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை வந்து மன்னிப்புக் கேளு. முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கோ."

"சரி."

"எது சரி?"

"வேற வீடு."

ஓவர்சியருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் ஒரு மிரட்டலுக்குச் சொன்னார். அது திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்தது. "என்னைக்காவது ஒரு தடவை என்னைத் தம்பின்னு கூப்பிட்டிருக்கியா நீ? யாரோ மாதிரிதானே இருந்திருக்கே. அதான் போறதும் இவ்வளவு சுலபமா இருக்கு."

அக்கா நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

அவர் வெளியே போய்விட்டார். குட்டி மூலையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். லேப்காரி காய் நறுக்குகிற பலகையோடு மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் நிலவிய அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று படித்துக்கொண்டிருந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு நாவல் படிக்கிறேன் அண்ணி. சண்டைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போன பொண்ணோட கதை. பாவம், அதுவே குழந்தை, அது போற இடத்துக்கெல்லாம் தம்பியையும் தோள்ல சுமந்துக்கிட்டுப் போகுது. மழை வந்தா தன் சட்டையைக் கழட்டித் தம்பிக்குப் போத்துது. தான் சாப்பிடறதுக்கு முன்னாடி தம்பிக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சு விடுது. பக்கத்துலயே படுக்க வெச்சுக்குது. எனக்கு லேபுல உக்காந்து ஒரே அழுகை. ஆனா பாருங்க, அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். ஊமையோ என்னவோ."

மெஷின் சக்கரம் நின்றது.

"அது தம்பி இல்ல."

"என்ன அண்ணி?"

"அது தம்பி இல்ல. பின்னாடி போய்ப் பாரு. அவ கையில குடுக்கும்போது சொல்லியிருப்பாங்க."

"நீங்க இந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றாள் அண்ணி. சக்கரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. பாவாடை ஓரத்தில் தையல் கோணலாகப் போனதை லேப்காரி பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பார்த்த முதல் கோணல் தையல் அது.

மறுநாள் லேபில் ரத்தக் குழாய்களை மெஷினில் வைத்து மூடியதும் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒட்டியிருந்த தாளை நகத்தால் பிரித்தாள்.

"துப்பாக்கி என்ற வார்த்தையை நாங்கள் சொல்லக் கூடாது. கையில் கொடுத்தவர் சொன்னார்: இன்று முதல் இதுதான் உன் தம்பி. வீட்டில் இருந்தவனை மறந்துவிடு. இவனை மண்ணில் போடாதே, நனையவிடாதே, பட்டினி போடாதே."

திடீரென்று மேஜை தடதடவென்று ஆடியது. ஒரு பக்கம் குழாய் வைத்தவள், எதிர்ப் பக்கம் சமன் செய்ய ஒன்று வைக்கவில்லை. மெஷின் துள்ளிக்கொண்டு விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து நிறுத்தினாள்.

"என்னம்மா, உள்ள லாரி ஓட்டறியா?" என்று டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். ஒரு பக்கம் பாரம் ஏறிடுச்சு."

அவள் நினைப்பு குழாய்களில் இல்லை. படிக்காத புத்தகத்தில் இருப்பதை அண்ணி எப்படிச் சொன்னாள்? ஓவர்சியருக்கு ஆறு ஏழு வயதிருக்கும்போது அக்கா சித்தி வீட்டுக்குத் தையல் கற்கப் போனாள் என்று மாமியார் இருந்த காலத்தில் சொல்வார். வளர்ந்த பெண்ணாகத்தான் திரும்பி வந்தாளாம். நடுவில் ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லையாம். அது ஏன் என்று இந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை.

சாயந்திரம் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து மெஷின் மேல் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். அப்புறம் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவள் மெஷினை மிதிக்கவில்லை. சன்னலடியில் உட்கார்ந்து, தையல் சோதிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தாள். ஓவர்சியர் இரண்டு தடவை அந்த வழியாகப் போனார். "வீடு பாக்கலையா?" என்று கேட்க வந்தவர் கேட்காமல் போனார். பிற்பகலில் அவர் குட்டியை முடிவெட்டக் கூட்டிப் போன பிறகு, அண்ணி புத்தகத்தை மூடினாள்.

"எழுதினவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள். "ஒண்ணை மட்டும் எழுதாம விட்டுட்டார்."

லேப்காரி கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அதைக் கையில குடுத்தப்போ இந்தப் பொண்ணு அழறா. நான் அழல. எனக்குப் பிடிச்சிருந்தது. அதுவரைக்கும் யாரும் என்னை நம்பி ஒரு பொருளையும் குடுத்ததில்ல. அதோட பேசுவேன். பாட்டுப் பாடுவேன். கொஞ்ச நாள்ல வீட்டுல இருந்தவனோட முகமே மறந்து போச்சு. வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னா எனக்கு இப்பவும் இவர் முகம் வராது. அதோட கனம்தான் தோள்ல வரும்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாவாடைக்கு எவ்வளவு மடிக்கணும் என்று சொல்கிற அதே குரல்.

"பள்ளிக்கூடத்துல குட்டி அந்தக் கட்டையை எப்படி வெச்சிருந்தா தெரியுமா? பயந்துக்கிட்டு இல்ல. ஆசையா. கன்னத்தைச் சாய்ச்சுக்கிட்டு. அதைப் பாத்ததும் கால் தானா நடந்துடுச்சு."

"அவர்கிட்ட சொல்லிடலாம் அண்ணி. சொன்னா புரிஞ்சுக்குவார்."

"நீ சொல்லக் கூடாது. அவன் நிம்மதியா வளரணும், அவனுக்குத் தெரியவே கூடாதுன்னு அம்மா கையில அடிச்சு வாக்கு வாங்கியிருக்காங்க."

"சொல்லலைன்னா நாளைக்கு வெளியே போகணுமே."

"போறேன். அவருக்கு நான் திமிர் பிடிச்ச அக்காவா இருந்துட்டுப் போறேன். என் தம்..." வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. அண்ணி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "பரவால்ல. நீ சொல்லாதே."

லேப்காரி தலையாட்டினாள். ஆட்டிவிட்டு அன்று முழுக்க அடுப்படியிலேயே வளைய வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வந்துவிடுமோ என்று சோற்றைக்கூடக் குனிந்துகொண்டே போட்டாள்.

திங்கட்கிழமை காலை. அண்ணியின் துணிமணி ஒரு பையில் கட்டியாயிற்று. மெஷினை எடுத்துப் போக வண்டிக்காரருக்குச் சொல்லியாயிற்று. கட்டுவதற்கு முன் ஒரு தடவை துடைத்துவிடலாம் என்று வெள்ளைத் துணியை விரித்தாள். மேஜையோடு மெஷினைப் பிணைத்திருந்த ஸ்க்ரூக்களைத் தரையில் ஒரு தட்டில் போட்டாள்.

அடுத்த அறையில் ஓவர்சியர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைத் தப்பான ஓட்டையில் போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், அக்கா வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

லேப்காரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவருகில் வந்து நின்றாள். கதவு திறந்தே இருந்தது.

"ஒரு பக்கம் படிக்கிறேன், கேளுங்க."

"இப்பவா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஒரே பக்கம்."

அவர் பதில் சொல்வதற்குள் படிக்க ஆரம்பித்தாள்.

"காலையில் துணியை விரிப்போம். தம்பியைக் கழற்றி இடமிருந்து வலமாக வைப்போம். துடைத்து எண்ணெய் விடுவோம்."

சன்னலடியில் எண்ணெய்க் குப்பியின் மூடி திறக்கும் சத்தம்.

"யாரைப் பத்தி இது? எந்தத் தம்பி?"

"கேளுங்க. பிறகு கண்ணைக் கட்டிவிடுவார்கள். கை தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும். எதையும் பார்க்க வேண்டியதில்லை."

ஓவர்சியர் எரிச்சலோடு வாசல் பக்கம் திரும்பினார். திரும்பியவருக்கு, திறந்த கதவு வழியாக அக்கா தெரிந்தாள். அவள் முகம் தெருவைப் பார்த்திருந்தது. கைகள் மட்டும் கீழே, ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தன. அவர் விரல் பொத்தானிலேயே நின்றது.

"கடைசித் துண்டு உட்கார்ந்ததும் அவன் தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். தம்பி தயார் என்று அர்த்தம்."

டக். டக்.

தட்டிய பிறகுதான் அண்ணிக்குக் காதில் விழுந்த வார்த்தைகள் உறைத்தன போலிருக்கிறது. உயர்த்திய கை மெஷின் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

ஓவர்சியர், மனைவி கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். "தம்பின்னா?" என்றார் மெதுவாக. அவள் முந்தின தாளைத் திருப்பிக் காட்டினாள். அவர் நின்றுகொண்டே படித்தார். வெளியே வண்டிக்காரர் வந்து மணி அடித்தார். யாரும் போகவில்லை. மறுபடி அடித்தார்.

அவர் அக்காவுக்கு எதிரே போய் நின்றார்.

"சித்தி வீட்டுல தையல் மெஷினே கிடையாது" என்றார். "எனக்குத் தெரியும். ஒருதடவை லீவுல போயிருந்தேன். நீயும் அங்க இல்ல. கடைக்குப் போயிருக்கான்னு சித்தி சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். நம்பறது சுலபமா இருந்துச்சு."

அக்கா லேப்காரியைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. புத்தகம்தானே படிச்சேன்" என்றாள் லேப்காரி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"எத்தனை தடவை கேட்டிருக்கேன் உன்னை. தம்பின்னு கூப்பிடு, தம்பின்னு கூப்பிடுன்னு. என் கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் கேட்டேனே." ஓவர்சியர் புத்தகத்தை மூடினார். "இனிமே கூப்பிடாதே அக்கா. தெரியாத்தனமாக்கூடக் கூப்பிட்டுடாதே."

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து ஒருவரை அடையாளம் கண்டுகொள்கிறவள் பார்ப்பது போல. பார்வை அவர் காலில் வந்து நின்றது.

"ஸ்க்ரூவை மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க, ஓவர்சியர்."

அவர் காலைத் தூக்கினார். குனிந்து பொறுக்கினார். மெஷினை மேஜையோடு அவரே பூட்டினார். ஒரு ஸ்க்ரூவைத் தப்பான இடத்தில் முடுக்க, அக்கா பேசாமல் கழற்றிச் சரியான இடத்தில் போட்டாள். லேப்காரி வெளியே போய் வண்டிக்காரரிடம் தப்பான வீடு என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினாள்.

அதற்கப்புறம் நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். அண்ணி நேரே டிரில் மாஸ்டரிடம் போனாள்.

"உங்க கையை முறுக்கினது தப்பு மாஸ்டர். மன்னிச்சிடுங்க. கட்டையைப் பிடுங்கினது தப்பில்ல. மறுபடி குடுத்தீங்கன்னா மறுபடி பிடுங்குவேன்."

தலைமை ஆசிரியை ஓவர்சியரைப் பார்த்தார். "இது என்ன மன்னிப்பு?"

"எங்க அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். குட்டி நடக்க மாட்டா. வேற பள்ளிக்கூடம்தான்னா, அதுவும் சரி."

எல்லோரும் மாஸ்டர் வாயைப் பார்த்தார்கள். அவர் கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அண்ணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பிடியை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"சின்ன வயசுல."

மாஸ்டர் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். "எனக்கு மன்னிப்புப் போதும் மேடம்" என்றார். குட்டியைப் பலூன் பிடிக்கிற கூட்டத்தில் சேர்த்தார்கள். மற்ற பிள்ளைகள் கட்டையோடு நடந்தார்கள்தான். எல்லா வீட்டுக்கும் நாம் போய்ச் சொல்ல முடியுமா, சொல்லுங்க. குட்டி இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. அவளுக்குக் கட்டைதான் பிடித்திருந்தது. அத்தையும் சமாதானம் செய்யப் போகவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, பலூன் நூல் கையை அறுக்கிறது என்று காட்டினாள். அத்தை அதற்கு ஒரு துணிப் பட்டை தைத்துக் கொடுத்தாள்.

லேப்காரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்படி இருந்துச்சு? அழுதியா?" என்றாள் பேர் பதிகிற பெண்.

"அழுதேன். தப்பான இடத்துல."

"அப்படின்னா?"

"கையுறையோட புரட்டாதே" என்று சொல்லிவிட்டு லேப்காரி உள்ளே போனாள். குழாய்களை எதிரெதிராகப் பார்த்து வைத்து, மெஷினை மூடினாள்.